பவளத் தொட்டிக்கு சம்ப் பைப் வேலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பவளத் தொட்டி வைக்க வருகிறவர்கள் விளக்கு, மீன், பவளம் பற்றியெல்லாம் நிறையப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் துணைத் தொட்டி, அதன் பைப் வேலை என்றதும்தான் தயங்குகிறார்கள். என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்கள் இரண்டு நேரங்களைச் சுற்றியே வரும்: கரண்ட் போகும் நேரம், பைப் அடைத்துக்கொள்ளும் நேரம். இரண்டையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கட்டிய சம்ப் வருடக்கணக்கில் தொந்தரவு தராது.

சம்ப் இல்லாமலே நிறைய பேர் பவளம் வளர்க்கிறாங்களே, எனக்கு எதுக்கு?

வளர்க்க முடியும். 60, 80 லிட்டர் தொட்டி வைத்து வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறவருக்கு சம்ப் கட்டாயம் இல்லை. தொட்டி பெரிதாகும்போதுதான் அதன் அருமை தெரியும். மொத்தத் தண்ணீர் கூடுவதால் உப்பு அளவும் வெப்பமும் சட்டென்று மாறாது. அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் கீழே மறைந்துவிடும். தண்ணீர் ஆவியாகிக் குறைவது சம்பில்தான் தெரியும்; மேல்தொட்டியின் மட்டம் அப்படியே நிற்கும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. சம்ப் இல்லாத தொட்டியின் மேற்பரப்பைச் சாய்வாகப் பாருங்கள், எண்ணெய் பூசினாற்போல் ஒரு மெல்லிய படலம் மின்னும். மேல்தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் பெட்டியான ஓவர்ஃப்ளோவை வைத்துப் பம்ப்பைப் போட்டதும் அந்தப் படலம் அதன் விளிம்பில் உள்ள சீப்புப் பற்களை நோக்கி நகரும், பற்களுக்கிடையே சுருங்கிக் கிழிந்து உள்ளே போய்விடும். அதன் பிறகு வெளிச்சம் தடையில்லாமல் இறங்கும், காற்றும் தண்ணீரில் நன்றாகக் கரையும்.

கீழே இறக்க ஒரு பம்ப், மேலே ஏத்த ஒரு பம்ப், ரெண்டு வேணுமா?

வேண்டாம், ஒன்றுதான். தயவுசெய்து இரண்டு போடாதீர்கள். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு பம்ப்புகள்கூட ஒரே அளவு தண்ணீரைத் தள்ளாது. மணிக்கு 20 லிட்டர் வித்தியாசம் இருந்தாலே சில மணி நேரத்தில் ஏதாவது ஒரு தொட்டி வழிந்துவிடும்.

பம்ப் மேலே ஏற்றினால் போதும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தண்ணீர் ஓவர்ஃப்ளோவின் விளிம்பைத் தாண்டித் தன் எடையால் தானே கீழே இறங்கும். பம்ப் நின்றால் இறங்குவதும் சற்று நேரத்தில் நின்றுவிடும். யாரும் சரிபார்க்காமலே இரண்டும் சமமாக இருக்கும் என்பதுதான் இந்த அமைப்பின் பலம்.

சம்ப் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

மேல்தொட்டியின் கொள்ளளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அலமாரிக்குள் இன்னும் பெரிதாக நுழையும் என்றால் பெரிதாகவே வையுங்கள். கரண்ட் போனால் இறங்கும் தண்ணீரைத் தாங்குமா என்பதுதான் கண்டிப்பான அளவுகோல். அந்தக் கணக்கு கொஞ்சம் கீழே வருகிறது.

அலமாரிக்குள் வைத்த பிறகு ஸ்கிம்மரின் கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

பம்ப் எத்தனை லிட்டர் வாங்கணும்? பெருசா வாங்கினா பவளத்துக்கு நல்லதுதானே?

சம்ப் வழியாக ஒரு மணி நேரத்தில் மேல்தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீர் சுற்றினால் போதும். பவளத்துக்கு வேண்டிய பலத்த நீரோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் அலை பம்ப்புகள் பார்த்துக்கொள்ளும். அந்த வேலையையும் சம்பிலிருந்து மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பின் தலையில் கட்டினால் சத்தமும் நுண்குமிழியும் மின்செலவும்தான் கூடும்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, ஏற்றம் எதுவும் இல்லாதபோது கிடைப்பது. சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து, பம்ப்போடு வரும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அதிகபட்சம் 3 மீட்டர் ஏற்றும் பம்ப், 1.5 மீட்டரில் தன் முழு அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். வளைவுகளும் கொஞ்சம் தின்னும். 25 மி.மீ. பைப்பில் ஒரு 90 பாகை எல்போ தரும் உராய்வு, முக்கால் மீட்டர் நேர் பைப்பின் உராய்வுக்குச் சமம். அதே அளவு தண்ணீரை 20 மி.மீ. பைப்பில் அனுப்பினால் உராய்வு சுமார் மூன்று மடங்காகிவிடும். அதனால் பம்ப்பின் வாய் சிறிதாக இருந்தாலும், அதைத் தாண்டியதும் பைப்பைப் பெரிதாக்கிவிடுங்கள்.

கரண்ட் போனா மேல இருக்கிற தண்ணி மொத்தமும் கீழே வந்துடுமா?

மொத்தமும் வராது. ஆனால் எவ்வளவு வரும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், அதுவும் பைப்பை ஒட்டுவதற்கு முன்பே. பம்ப் நின்றதும் இரண்டு வழிகளில் தண்ணீர் இறங்கும். ஒன்று ஓவர்ஃப்ளோ வழி. சீப்பின் விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீரும், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் பைப்பின் வாய்க்கு மேலே உள்ள தண்ணீரும் இறங்கிவிடும். மற்றொன்று ரிட்டர்ன் வழி. பலர் நினைத்துப் பார்க்காதது இதுதான். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப்பில் ஓட்டம் திரும்பிக்கொள்ளும். அது சைபன் போல, அதாவது பைப் முழுக்க நிறைந்த தண்ணீர் தன் எடையால் பின்னால் உள்ளதையும் இழுத்து இறங்குவது போல, மேல்தொட்டியை உறிஞ்சும். மேல்தொட்டிக்குள் இருக்கும் ரிட்டர்ன் பைப்பின் முனையான நாசில் காற்றை உறிஞ்சும் வரை அது நிற்காது.

கணக்குப் பார்ப்போம். மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர். நாசில் தண்ணீர் மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் 36 லிட்டர் இறங்கும். சம்ப் 75 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் என்றால் அதன் மட்டம் 12 செ.மீ. உயரும். பெட்டியிலும் பைப்பிலும் நின்ற தண்ணீர் இதற்கு மேல். ஓடும்போது 22 செ.மீ. மட்டம் இருக்கிற, 40 செ.மீ. உயர சம்ப் இதைத் தாங்கிவிடும். அதே நாசிலை 15 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 108 லிட்டர். சம்ப் நிச்சயம் வழியும்.

அதனால் நாசிலை மேற்பரப்பை ஒட்டி, இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் வையுங்கள். அழகுக்காக ஆழத்தில்தான் வேண்டும் என்றால் ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போடலாம். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று நுழைந்து சைபன் அறுந்துவிடும். ஆனால் அந்தத் துளையில் பாசியும் சுண்ணாம்புப் படிவும் பிடிக்கும், மாதாமாதம் குத்திவிட வேண்டும். துளை அடைத்திருந்தாலும் சம்ப் தாங்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

ரிட்டர்ன்ல ஒரு செக் வால்வு போட்டுட்டா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்ல?

வேண்டும். பவளத்துக்கு நாம் சேர்க்கிற கால்சியம், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வின் மடலிலும் படியும். ஒரு மணல் பருக்கையோ நத்தைக் குஞ்சோ இடையில் உட்கார்ந்தால் மடல் முழுதாக மூடாது. வால்வு நன்றாக மூடும் காலத்தில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மூடாத அன்றைக்குத்தான் தரை நனையும்.

போடவே கூடாது என்று சொல்லமாட்டேன். அது இல்லாமலே சம்ப் தாங்கும் என்று நிரூபித்த பிறகு போடுங்கள். இரு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வைத்துப் போட்டால் கழற்றிக் கழுவலாம்.

கண்ணாடியில துளை போட பயமா இருக்கு. விளிம்புல தொங்கவிடுற ஓவர்ஃப்ளோ பெட்டி போதுமா?

தொங்கும் பெட்டி U குழாய் வழியாகத் தண்ணீரை விளிம்பு தாண்டி வெளியே எடுக்கிறது. அந்தக் குழாயின் உச்சியில் குமிழி சேர்ந்து சைபன் அறுந்தால் வடிகால் நின்றுவிடும், பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். வாடகை வீடு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி என்று வேறு வழி இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டி என்றால் துளை போடுங்கள்.

முதலில் அது டெம்பர்டு கண்ணாடியா, அதாவது வெப்பத்தால் உறுதியாக்கிய கண்ணாடியா என்று பாருங்கள். டெம்பர்டு கண்ணாடியில் துளை போட முடியாது. டிரில் தொட்டதும் பொடிப்பொடியாகிவிடும். பல தொட்டிகளில் அடிக் கண்ணாடி மட்டும் டெம்பர்டாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் திரையோடு ஒரு எல்.சி.டி. மானிட்டரை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் டெம்பர்டு கண்ணாடியில் திட்டுத் திட்டாகக் கறை போலத் தெரியும்.

சாதாரணக் கண்ணாடி என்றால் வைரத்தூள் பதித்த ஹோல் சா (வட்டமாக வெட்டும் துளைக்கருவி), குறைந்த வேகம், இடைவிடாமல் தண்ணீர், லேசான அழுத்தம். துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்கு இடம் விடுங்கள். மறுபக்கம் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி வெட்டுப்படும்போது பால் போல வெள்ளைக் கரைசல் வழியும், சத்தம் ஒரே சீராகக் கரகரக்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் சத்தம் மாறும். அப்போது அழுத்துவதை விட்டுவிட்டு டிரில்லின் எடையே வேலையை முடிக்கட்டும். அவசரப்பட்டால் மறுபக்க விளிம்பு சிப்பு சிப்பாகப் பெயர்ந்துவிடும்.

பல்க்ஹெட்டில் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம்? சிலிகான் பூசணுமா?

பல்க்ஹெட் என்பது கண்ணாடித் துளையில் பைப்பை நட்டு போட்டுப் பொருத்தும் இணைப்பு. அதில் வாஷர் தலைப் பக்கம், அதாவது அகன்ற விளிம்பு இருக்கும் பக்கம். பெரும்பாலும் அது தொட்டியின் உள்பக்கமாக இருக்கும். நட்டின் பக்கம் போட்டால், இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து வாஷரும் முறுக்கிக்கொள்ளும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். சிலிகான் வேண்டாம். ரப்பரை அது வழுக்கச் செய்யும். பிறகு கழற்றுவதும் பெரும்பாடு. கசிந்தால் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, வாஷரில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

துளையை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு அங்குல பல்க்ஹெட்டுக்கு ஒரு அங்குலத் துளை போதாது. பல்க்ஹெட்டைக் கையில் வாங்கி அதன் உடலை அளந்த பிறகுதான் ஹோல் சா வாங்க வேண்டும்.

வீட்டு பைப் வேலைக்குப் போடுற பி.வி.சி., பசை எல்லாம் பவளத்துக்கு ஆகுமா?

பி.வி.சி., சி.பி.வி.சி. இரண்டுமே கடல்நீரில் நன்றாக உழைக்கும். பைப் ஒட்டும் சால்வென்ட் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். ஒரு நாள் முழுதாகக் காயவிட்டு, நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவி ஊற்றிவிட்டால் பயமில்லை. திருகு இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் போதும்.

உலோகத்தில்தான் கவனம் வேண்டும். பித்தளை வால்வும் செம்பும் தண்ணீரைத் தொடவே கூடாது. மிகச் சிறிய அளவு செம்புகூட நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். வெளியே பிளாஸ்டிக்காக இருந்து உள்ளே பித்தளைத் தண்டு வைத்த வால்வுகளும் உண்டு. வாங்கும்போது திறந்து உள்ளே பாருங்கள். ஹோஸ் கிளிப்பும் பிளாஸ்டிக்கில் கிடைத்தால் நல்லது.

எல்லாவற்றையும் ஒட்டிவிடவும் வேண்டாம். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நிற்கும் பைப்புகளைச் சும்மா செருகினாலே போதும். கசிந்தாலும் தண்ணீர் பெட்டிக்குள்தான் இருக்கும், பின்னால் உயரத்தை மாற்றவும் முடியும். பம்ப்பின் வெளியிலும், ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு யூனியன் கட்டாயம். யூனியன் இல்லாமல் ஒட்டியவர் பம்ப்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் ரம்பத்தோடு வர வேண்டியிருக்கும்.

டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல்னு சொல்றாங்களே, எது நல்லது?

மூன்றும் வடிகால் முறைகள். டர்சோவில் ஒரே பைப். மேலே T போல ஒரு இணைப்பு, அதன் மூடியில் ஒரு காற்றுத் துளை. தண்ணீரும் காற்றும் கலந்து பைப்பின் சுவரை ஒட்டி இறங்கும். வைப்பது எளிது. ஆனால் பைப் பாதி காற்றாக இருப்பதால் குறைந்த தண்ணீரைத்தான் இறக்கும். அடைத்தால் மாற்று வழியும் கிடையாது.

ஹெர்பியில் இரண்டு பைப். ஒன்று முழு சைபன். அதில் ஒரு கேட் வால்வு வைத்து, ஓவர்ஃப்ளோ பெட்டியின் மட்டம் அந்தப் பைப்பின் வாய்க்கு நன்கு மேலே நிற்கும்படி மெதுவாக மூடுகிறோம். பைப்பில் காற்றே இல்லாததால் சத்தமும் இல்லை. இரண்டாவது பைப் உயரமாக, காய்ந்தபடி நிற்கும். முதல் பைப் அடைத்தால் இது ஏற்றுக்கொள்ளும். பீன் அனிமலில் மூன்று பைப். சைபன் ஒன்று, கொஞ்சம் தண்ணீர் மட்டும் காற்றோடு வழியும் பைப் ஒன்று, காய்ந்து நிற்கும் அவசரப் பைப் ஒன்று. நடுப் பைப்பின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் வரும். பெட்டியில் மட்டம் ஏறி அந்தக் குழாயின் வாய் மூழ்கியதும் நடுப் பைப்பும் சைபனாக மாறி முழு வேகத்தில் இறக்கும்.

என் முதல் தொட்டியில் ஒரே ஒரு பைப்தான். ஒரு இரவு நத்தை ஒன்று சீப்பைத் தாண்டி உள்ளே விழுந்து பைப்பின் வாயைக் கச்சிதமாக அடைத்துவிட்டது. விடியற்காலையில் காலடியில் ஈரம் பட்டபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவசரப் பைப் இல்லாத தொட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டு துளைக்கு இடம் இருந்தால் ஹெர்பி, மூன்றுக்கு இருந்தால் பீன் அனிமல். அவசரப் பைப்பில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு வைக்காதீர்கள். பம்ப் தள்ளும் தண்ணீர் முழுவதையும் அது ஒன்றே தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

கேட் வால்வுக்குப் பதிலா பால் வால்வு போட்டா என்ன?

பால் வால்வு கால் சுற்றில் திறந்து மூடும். திறக்க, மூட அது நல்லது. நுணுக்கமாகச் சரிசெய்ய அது ஒத்துவராது. கையை இம்மி அசைத்தால் மட்டம் ஐந்து செ.மீ. ஏறி இறங்கும். கேட் வால்வைப் பல சுற்றுகள் சுழற்றலாம், தலைமுடி அளவுக்கு மாற்றலாம். சைபன் பைப்புக்குக் கேட் வால்வு, மற்ற இடங்களுக்குப் பால் வால்வு. பம்ப் உறிஞ்சும் பக்கத்தை எதைக் கொண்டும் நெரிக்க வேண்டாம். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பம்ப் தள்ளும் பக்கம் குறையுங்கள்.

ராத்திரி தூங்க முடியல, கடகடன்னு சத்தம். எங்கிருந்து வருது?

காதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூன்றில் ஒன்றாக இருக்கும். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் அருவி மாதிரி விழும் சத்தம் என்றால் பெட்டிக்குள் மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கிறது. பைப்பை உயர்த்தியோ கேட் வால்வைச் சற்று மூடியோ மட்டத்தை ஏற்றுங்கள், விழும் உயரம் இரண்டு மூன்று செ.மீ.க்குள் வரட்டும். உறிஞ்சி உறிஞ்சி நிறுத்துகிற சத்தம் என்றால் வடிகால் சைபனாகவும் காற்று கலந்த ஓட்டமாகவும் மாறி மாறி ஓடுகிறது. டர்சோவில் காற்றுத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் நிற்கும், ஹெர்பியில் வால்வைச் சற்று மூடினால் நிற்கும். சம்பில் சலசலப்பு என்றால் வடிகாலின் முனை தண்ணீருக்கு மேலே இருக்கிறது.

மூன்றும் இல்லாமல் அலமாரியே ரீங்காரம் போட்டால் அது பம்ப்பின் அதிர்வு. பம்ப்புக்கும் பைப்புக்கும் இடையே ஒரு சாண் சிலிகான் ஹோஸ், பம்ப்புக்கு அடியில் மென்மையான ஒரு பட்டை. பெரும்பாலும் இதோடு அடங்கிவிடும்.

மேல்தொட்டி முழுக்க தூசி மாதிரி குமிழி. வேற ஏதாவது கெட்டுப்போச்சா?

புதிதாகப் பைப் போட்டிருந்தால் சில நாட்கள் பொறுங்கள். புதுப் பிளாஸ்டிக்கின் மேல் நுண்ணுயிர்ப் படலம் படியும் வரை குமிழி வரத்தான் செய்யும். புது ஸ்கிம்மரும் அப்படியே.

அதற்குப் பிறகும் வந்தால் சம்பின் தடுப்புக் கண்ணாடிகளைப் பாருங்கள். ஸ்கிம்மர் அறைக்கும் பம்ப் அறைக்கும் இடையே மூன்று கண்ணாடிகள் வேண்டும். முதலாவதன் மேலே வழிந்து, இரண்டாவதன் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேலே ஏறி வரும் பாதை. இடைவெளி சுமார் 2.5 செ.மீ. அதைவிடக் குறுகினால் தண்ணீர் வேகமெடுத்துக் குமிழியையும் இழுத்துவந்துவிடும். பம்ப் அறையில் மட்டம் தாழ்ந்து, பம்ப்பின் வாயருகே சிறு சுழல் தெரிந்தால் குமிழி அங்கிருந்துதான் வருகிறது. பம்ப் சம்புக்கு வெளியே இருந்தால் உறிஞ்சும் பக்கத் திருகில் காற்றுக் கசிவு இருக்கலாம்; அங்கே தண்ணீர் வெளியே வராது, காற்று மட்டும் உள்ளே போகும்.

தானாத் தண்ணி நிரப்புற கருவியை எந்த அறையில வைக்கணும்?

பம்ப் அறையில். ஆவியாவதால் மட்டம் ஏறி இறங்குவது அங்கே மட்டும்தான். ஸ்கிம்மர் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கிம்மருக்கு அப்படி மாறாத ஆழம் தேவை, ஹீட்டருக்கும் அதுதான் பத்திரமான இடம். நிரப்புவது எப்போதும் ஆர்.ஓ. போன்ற தூய நல்ல தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

நிரப்பும் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்கு மேலே, கரண்ட் போனால் ஏறும் மட்டத்துக்கும் மேலே இருக்கட்டும். முனை மூழ்கியிருந்தால், கருவி நின்ற பிறகும் உயரத்தில் இருக்கிற கேனிலிருந்து தண்ணீர் சைபனாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

வடிகால் அடைச்சுக்கிட்டா மேல்தொட்டி வழிஞ்சிடுமே?

அவசரப் பைப் இருந்தால் வழியாது. அதுவும் அடைக்கிற நாளுக்கு இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் என்ன என்ற பதிலில் பார்த்ததைத் தலைகீழாகப் போட வேண்டும். வடிகால் நின்றால் பம்ப் தன் அறையில் உள்ள தண்ணீரை மட்டும்தான் மேலே ஏற்ற முடியும். அறை 25 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், பம்ப் 15 செ.மீ. வரை இறக்கும் என்றால் 15 லிட்டர். முன்பு சொன்ன 120 × 60 தொட்டியில் அது சுமார் 2 செ.மீ. உயர்வு. விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. காலியிடம் இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. பம்ப் காற்றில் ஓடும், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பம்ப் அறை காலியானதும், தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று நினைத்து நிரப்பும் கருவி நல்ல தண்ணீரை ஊற்றத் தொடங்கும். பம்ப் அதையும் மேலே ஏற்றும். கேனில் 40 லிட்டர் இருந்தால் 40 லிட்டரும் போய்விடும். தரை நனைவதோடு உப்பு அளவும் சரிந்துவிடும். அதனால் தொடர்ந்து சில நிமிடங்களுக்கு மேல் ஓடினால் தானே நின்றுகொள்ளும் கருவியாக வாங்குங்கள். கேனையும் தேவைக்கு மேல் பெரிதாக வைக்காதீர்கள்.

கரண்ட் திரும்பி வந்தா சைபன் தானாப் பிடிக்க மாட்டேங்குது. அவசரப் பைப்லயே தண்ணி போகுது.

பைப்புக்குள் மாட்டிய காற்றுக்கு வெளியேற வழி இல்லை. சைபன் பைப்பின் முனை சம்பில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 10, 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அந்த அழுத்தத்தை மீறிக் காற்று வெளியே வர முடியாது. மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே முனை நிற்கும்படி வெட்டிவிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் சம்ப் மட்டம் ஏறியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பம்ப் ஓடி அது இறங்கிய பிறகுதான் காற்று வெளியேறும். ஒன்றிரண்டு நிமிடம் குமுறிவிட்டு அடங்கினால் அது சரியான நடத்தை.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் படுக்கையாக ஓடும் பைப் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மட்டமாக ஓடும் இடத்தில் காற்று பொதியாக உட்கார்ந்துகொள்ளும். சரிவு கொடுங்கள், 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டு போடுங்கள்.

கேட் வால்வை இன்னைக்குச் சரியா வெச்சா நாளைக்கு மட்டம் மாறிடுது. தினமும் திருகணுமா?

முதல் இரண்டு வாரம் திருகத்தான் வேண்டும். பைப்பின் உள்சுவரில் படலம் படியப்படிய ஓட்டம் மாறும். அதற்குப் பின்னும் மாறினால் பெரும்பாலும் காரணம் பம்ப் அறையின் மட்டம். ஆவியாகி மட்டம் இறங்கினால் பம்ப் ஏற்ற வேண்டிய உயரம் கூடுகிறது, தள்ளும் அளவு குறைகிறது. நிரப்பும் கருவி வைத்ததும் இது நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

சைபனோடு பம்ப்பை முழுக்க முழுக்கச் சமன்செய்ய முயல்வதும் ஒரு காரணம். பீன் அனிமல் பற்றிச் சொன்ன நடுப் பைப் இதற்காகத்தான் இருக்கிறது. அதில் விரல் பருமனுக்குத் தண்ணீர் எப்போதும் வழியட்டும். சின்னச் சின்ன மாற்றங்களை அது வாங்கிக்கொள்ளும். ஹெர்பியிலும் அவசரப் பைப்பில் நூல் போல வழியவிடுகிறவர்கள் உண்டு.

பாசி அறை, ரியாக்டர் எல்லாம் பின்னால சேர்க்கணும்னா?

இப்போதே ரிட்டர்ன் பைப்பில் இரண்டு மூன்று T இணைப்புகள் வைத்து, ஒவ்வொன்றிலும் பால் வால்வு போட்டு மூடிவிடுங்கள். நாளைக்கு ரியாக்டர் (உள்ளே நிரப்பிய பொருள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தும் கருவி) வந்தால் ஹோஸை மாட்டினால் போதும். ஒன்றைத் தண்ணீர் மாற்றும்போது வெளியே இறைக்கவும் பயன்படுத்தலாம். கழிவுச் சத்தை உறிஞ்சப் பாசி வளர்க்கும் பாசி அறைக்கு மெதுவான ஓட்டம் போதும் என்பதால் இந்தக் கிளையிலிருந்தே கொடுப்பது சுலபம். இப்படிப் பிரியும் தண்ணீரையும் பம்ப் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒட்டியாச்சு. இன்னைக்கே உப்புத் தண்ணி ஊத்தலாமா?

நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பசை ஒரு நாள் காய்ந்த பிறகு, பம்ப்பைப் போட்டு ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தை வைத்து எடுத்துப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு கண்டுபிடித்தால் அது வெள்ளைப் பொருக்காக வளர்ந்திருக்கும்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். சம்ப் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள், அங்கே ஒரு கோடு போடுங்கள். திரும்பப் போட்டு சைபன் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். இதை ஐந்து முறை செய்யுங்கள். அடுத்து, சைபன் பைப்பின் வாயைக் கையால் மூடி, அவசரப் பைப் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக எல்லா வடிகாலையும் மூடி, பம்ப் அறை காலியாகும் வரை மேல்தொட்டி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு உடனே பம்ப்பை நிறுத்துங்கள்.

மின்சாரத்தையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வயர் வழியாக வரும் சொட்டு பிளக்குக்குப் போகாமல் கீழே விழும். பிளக் பலகை சம்புக்கு மேலே வேண்டாம், பக்கவாட்டில் உயரமாக இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். பிறகு ஓடுகிற மட்டத்துக்கும் சம்ப்மேல் ஒரு கோடு போடுங்கள். பம்ப் ஓடும்போது இரண்டு கோடுகளில் கீழே இருப்பதைத் தாண்டாமல் கையால் நிரப்புவதையும் அளந்துகொள்ளலாம், வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளும் நாட்களிலும் அவர்களுக்கு அது புரியும்.